ஒரு நாளைக்கு ஒரு சாண்

துணி உலர்த்தும் பைப்பைக் காணோம் என்று
தெரு முழுக்கத் தேடினேன்.
அது பாலாற்றில் நின்றுகொண்டிருந்தது,
இடுப்புவரை மணலில் புதைந்து.
பக்கத்தில் இன்னும் நாலு.
ஒன்று வாஜித் வீட்டு மோட்டார் பைப்.
ஒன்று யாருடையது என்று
இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அடிப்பக்கம் முழுக்க ஓட்டை.
ஆணியைக் காய்ச்சிக் குத்தினார்களாம்.
ஓட்டையைச் சுற்றி என் சாக்ஸ்,
மணல் உள்ளே வரக்கூடாது என்று.
முதலில் கையால் குழி தோண்டியிருக்கிறார்கள்.
முழங்கை ஆழத்தில் சரிந்தது.
மறுபடி தோண்டினார்கள், மறுபடி சரிந்தது.
அப்போதுதான் இளம்பரிதிக்கு
என் கொடிக்கம்பம் ஞாபகம் வந்ததாம்.

திட்ட வாயெடுத்தேன்.
"அம்மா, இந்த டேப்பை அந்தப் பக்கம் பிடி" என்றாள் சுபிக்‌ஷா.
பிடித்தேன்.

எஸ்தர் டீச்சர் ஒன்றும் சொல்லித் தரவில்லை.
"பாலாறு ஓடுதா, நிக்குதா?" என்று கேட்டுவிட்டு
குடையை விரித்து உட்கார்ந்திருந்தார்.
அவருக்கும் தெரியாதாம்.
பள்ளிகொண்டாவில் மற்ற எல்லோருக்கும் தெரியும்.
ஆறு எங்கே ஓடுது,
லாரிதான் ஓடுது, என்பார்கள்.

பிள்ளைகள் யாரையும் கேட்கவில்லை.
டியூபில் தண்ணீர் நிரப்பி
கொத்தனார் பார்ப்பதுபோல மட்டம் பார்த்தார்கள்.
சாக்பீஸ் தேய்த்த நூலைப் பைப்புக்குள் இறக்கினார்கள்.
(நூல் என்னுடையது,
ஷூ தைத்ததில் மிச்சம்.)
நனைந்த இடம்வரை அளந்தால்
ஆம்பூர் பக்கத்துப் பைப்பைவிட
வேலூர் பக்கத்தில்
ஒரு விரற்கடை கீழே தண்ணீர்.
"சாயுதுடா" என்று கத்தினான் வாஜித்.
சாய்ந்தால்?
சாய்ந்தால் போகணும்.
போகிறதா என்று எப்படிப் பார்ப்பது,
கண்ணுக்கே தெரியாததை?

ஒரு வாரம் பைப்புகள் நின்றன.
மாடு ஒன்று உரசிப் பார்த்ததோடு சரி.

அடுத்த சனிக்கிழமை விடிய
மேல் பைப்பில் இரண்டு படி கல்லுப்பைக் கரைத்து ஊற்றி,
இரண்டு சாண் தள்ளி இன்னொரு பைப் நட்டார்கள்.
யார் சாண் என்று சண்டை.
கடைசியில் என் கையை ஸ்கேலில் வைத்து
இருபது சென்டிமீட்டர் என்று தீர்ப்பானது.
நாற்பத்தொரு வயதில்
என் கை ஒரு அளவு ஆனது.

இருமல் மருந்து பாட்டிலை நூலில் கட்டி
தண்ணீர் மொண்டு,
வாஜித் அப்பாவின் கேன் தண்ணீர்க் கடையிலிருந்து
டிடிஎஸ் மீட்டர் வாங்கி வந்து,
மூன்று மணிக்கொரு தடவை.
தொள்ளாயிரத்து ஐந்து.
தொள்ளாயிரத்துப் பத்து.
தொள்ளாயிரத்து ஏழு.
ஞாயிறு மாலை எல்லோர் முகமும் சுண்டிவிட்டது.
"நிக்குதுன்னு எழுதிடலாமா?"
"காலையில ஒரு தடவை பாத்துட்டு எழுதலாம்."
காலையில் யார் பார்ப்பது என்பதை
யாரும் பேசவில்லை.

திங்கள், ஐந்து நாற்பது.
ஆறு மணிக்குக் கம்பெனி வேன்.
தலை நனைந்தபடி, செல்போன் வெளிச்சத்தில்
நான் ஒருத்தி ஆற்றில்.
பாட்டிலை இறக்கினேன், தூக்கினேன்.
மீட்டரை விட்டேன்.
ஆயிரத்து அறுநூற்று நாற்பது.

நம்பாமல் மறுபடி மொண்டேன்.
ஆயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டு.
நாக்கில் ஒரு சொட்டு வைத்தும் பார்த்தேன்,
மீட்டர் சொன்னபிறகும்.

நோட்டில் எழுதினேன், பேனா அழுத்தி.
கீழே பெயர் எழுதும் கட்டம் இருந்தது.
பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு
சம்பளத்தில் தவிர கையெழுத்துப் போட்டதில்லை.
கோமளா என்று எழுதினேன்.

இளம்பரிதி கணக்குப் போட்டானாம்:
நாளைக்கு ஒரு சாண்,
கடலுக்கு நூற்று முப்பது கிலோமீட்டர்,
ஆயிரத்து எழுநூற்று எண்பது வருஷம்.
எல்லா இடத்திலும் மணல் ஒரே மாதிரியா
என்று சுபிக்‌ஷா கேட்டிருக்கிறாள்.
அதற்கு அவனிடம் பதில் இல்லை.
சோளிங்கர் ரோட்டில் ஒரு மாமா இருக்கிறார்,
அங்கே பைப் நடலாமா என்று பேச்சு.

இதெல்லாம் சாயங்காலம் தெரிந்தது.
அன்று காலை தெரிந்தது ஒன்றுதான்.
மணிக்கு அறுபது ஜோடி,
பெல்ட் ஓடுகிறது, ஊசி ஓடுகிறது,
சூப்பர்வைசர் ஓடுகிறார்.
நான் தைத்துக்கொண்டே நினைத்தேன்:
வீடு திரும்புவதற்குள்
அது அரைச் சாண் போயிருக்கும்.